வாசல் படம்

அறுபத்தெட்டு என்று நிகினாவின் கைபேசியில் வந்தபோது நான் அவளுக்கு இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தேன். மொழிப் பள்ளியில் எல்லோரும் மாடிப்படியில் நின்றுதான் தேர்வு முடிவைப் பார்ப்பார்கள். வகுப்பறையில் பார்த்தால் ஆசிரியை முகத்தில் விழிக்க வேண்டும். வெளியே போனால் பிப்ரவரிக் குளிரில் விரல் மரத்துப்போகும். எழுபது வாங்கியிருந்தால் நான்காம் நிலைக்குப் போயிருப்பாள். போன பருவத்தில் அறுபத்தாறு வாங்கியிருந்தாள். "பரவாயில்லையே, தடவைக்கு ரெண்டு மார்க் ஏறுது. அடுத்த தடவை கரெக்டா எழுபது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரே நிலையில் மூன்று முறை தோற்றால் இங்கே பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் விசாவும் போகும்.

நான் அனுஜின். மங்கோலியாவில் தார்ஹான் என்னும் ஊர். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே படியில் நின்று என் மதிப்பெண்ணைப் பார்த்தவள். எப்படியோ தேறி, மேலே படித்து, இப்போது சியோலில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறேன். அந்த வாரம் விடுப்பில் இருந்தேன். நிகினா என் விடுதியில் பக்கத்து அறை. உஸ்பெகிஸ்தானில் மர்கிலான் ஊர்க்காரி, இருபத்திரண்டு வயது. எனக்கு உஸ்பெக் தெரியாது, அவளுக்கு மங்கோலியன் தெரியாது. நாங்கள் வம்பு பேசுவதும் சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் கொரிய மொழியில்தான். மீன் கடைக்காரியிடம் பேரம் பேசி அந்தம்மாவையே அழவைப்பாள். அந்த மொழியில்தான் ஃபெயில். காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, நகர வாழ்வின் நன்மை தீமை பற்றி அறுநூறு எழுத்து எழுது என்றால் கை நின்றுவிடும்.

பள்ளி அலுவலகத்தில் பியோன் என்ற அம்மாள் இருந்தார். நல்லவர்தான். ஆனால் நல்லவர்கள் சொல்லும்போது கெட்ட செய்தி இன்னும் கெட்டதாகக் கேட்கும். "நிகினா, வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இங்கயே மூணாவது தடவை சேரலாம். இல்ல, வேற பள்ளிக்கு மாறப் போறேன்னு போன்ல சொன்னாலும் மாறுதல் கடிதம் தரேன். நாலு மணிக்கு மேல ரெண்டும் கிடையாது."

"மூணாவது தடவையும் போச்சுன்னா?"

பியோன் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். "அப்ப என் கையில ஒண்ணும் இல்லம்மா. விசா ஆபீசுக்கு நாங்களே எழுதிடணும்."

வெளியே வந்து பெரிய வாசல் வழியாக நடந்தோம். மொழிப் பள்ளி இருக்கும் பல்கலைக்கழகத்தின் கல் வாசல் அது. நான்கு தூண், மேலே பெயர், எப்போது போனாலும் நாலு பேர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கும் புதிதாக வந்த ஒரு பெண் விரலை இரண்டாக விரித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நிகினா அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் உண்டு.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே துறைக்கு ஒரு குளிர்ச்சட்டை உண்டு. கருநீல உடம்பு, வெள்ளைக் கை, முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக. பட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுக்குத்தான் அது. மொழிப் பள்ளிப் பிள்ளைகள் அதே வளாகத்தில், அதே மரத்தடியில், அதே உணவுக்கூடத்தில் இருந்தாலும் அவர்களுக்குக் கிடையாது. வந்த முதல் மாதம் நான் பழைய பொருள் விற்கும் செயலியில் ஒன்றை வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா அழுதுவிட்டார். பக்கத்து அறை நேபாளிப் பெண் கேட்டாள், கொடுத்தேன். அப்புறம் பர்மா, கிர்கிஸ்தான், மறுபடி நேபாளம். ஏழு வருடத்தில் அந்தச் சட்டை எத்தனை பேர் தோளில் ஏறி அந்த வாசலில் நின்றிருக்கிறது என்று எனக்கே கணக்கில்லை. யாருமே அதைப் பொய் என்று நினைத்ததில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சேரத்தானே போகிறோம், முன்கூட்டியே ஒரு படம், அவ்வளவுதான். நிகினா வந்திறங்கிய மூன்றாம் நாள் நானே அவளுக்கு அதை மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டு, "தோளை நிமித்து, ராணி மாதிரி நில்லு" என்று சொல்லிப் படம் எடுத்தேன்.

அவளுடைய அப்பா சோபிர் சிறிய வேன் ஓட்டுகிறார். மர்கிலானுக்கும் ஃபெர்கானாவுக்கும் நடுவே ஏழு பேர் நெருக்கி உட்காரும் வெள்ளை வேன். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, வண்டியின் முன்கண்ணாடி மூலையில் பயணிகள் பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்டிவிட்டார். ஒரு நாள் ஆங்கிலம் தெரிந்த பயணி ஒருவர் சட்டைக் கையில் எழுதியிருந்ததைப் படித்து, இயந்திரப் பொறியியல் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவோ சொந்த வண்டியின் இஞ்சினைத் தானே பிரித்து மாட்டுகிற மனிதர். பெண் இஞ்சின் படிக்கிறாள் என்றால் கேட்கவா வேண்டும். அன்றிலிருந்து ஏறுகிறவர், இறங்குகிறவர், வழியில் கை காட்டுகிறவர் எல்லோரிடமும் அதே பேச்சு. நிகினா அடுத்த வாரம் திருத்திச் சொல்லலாம் என்று இருந்தாள். அடுத்த வாரம் அடுத்த மாதமாகி, ஒன்றே கால் வருடம் ஓடிவிட்டது.

அவளுக்கு இஞ்சினில் ஆசை இல்லை, பல்லில்தான் ஆசை. பல் கட்டும் வேலை. மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, ஒரு ஆளின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி பல் செய்வது. விரல் நீளம், பொறுமையும் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பே கிடையாது. சுங்சோங் பக்கத்தில், பேருந்தில் இரண்டு மணி நேரம் போனால், ஒரு சின்னக் கல்லூரியில் இருக்கிறது. அங்கேயே மொழி வகுப்பும் உண்டு, மொத்தமே இரண்டு வகுப்பு. மூன்றாம் நிலை முடித்தால் பல் துறையில் நேராகச் சேரலாம். இதை அவள் போன இலையுதிர் காலத்திலேயே தேடிக் கண்டுபிடித்து, பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய் மாலை அந்தக் கல்லூரிக்குப் போன் செய்தாள். குக் என்ற அலுவலர் எடுத்தார். இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மதியம் நேர்காணலுக்கு வரலாம் என்றார். ஒரே ஒரு விஷயம், பெற்றோரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்து வீடியோவில் பேசுவோம். "போன வருஷம் நாலு பேர் வந்தாங்க, ஒரு வாரத்துல ஆளையே காணோம். கேட்டா தக்காளித் தோட்டத்துல வேலை செய்றாங்களாம். அதனால அப்பா அம்மா வாயால கேட்டுக்கறோம். பொண்ணு எந்த நிலையில இருக்கு, என்ன படிக்க வருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

அந்த வேற ஒண்ணும் இல்லாத ஒன்றுதான் அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இங்கேயே மூன்றாவது முறை சேர்ந்தால் அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் தோற்றால் மூட்டை கட்ட வேண்டும், பல்லும் இல்லை ஒன்றும் இல்லை. அங்கே போனால் தேறிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை முழுக்க அவள் சாப்பிடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். தோங்தேமுன் பக்கம் ரொட்டி சுடும் உஸ்பெக்காரர், "பெரிய பேரை விட்டுட்டு எவனாவது குக்கிராமத்துக்குப் போவானா?" என்று அடுப்புக்குள் தலையை விட்டபடியே சொன்னார். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பர்மாப் பையன், தினமும் நான்கு மணி நேரம் கூடுதலாகப் படித்தால் எழுபது வராதா என்றான். அவனை ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது எனக்கு. விடுதியில் துணி காயப்போட வந்த நேபாளிப் பெண் மட்டும், "எங்க போனா உனக்குத் தூக்கம் வரும்?" என்று கேட்டாள். நிகினா தன் ஈரத் துணியை அப்படியே வாளியில் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வியாழன் மதியம் அவள் அப்பாவே கூப்பிட்டார். அப்போது நான் அவள் அறையில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீடியோவில் கூப்பிடுவார், ஆனால் தன் முகத்தைக் காட்ட மாட்டார். கைபேசியை வண்டியின் முன்பலகையில் நிறுத்தி, பின்பக்கக் கேமராவைத் திருப்பிவிடுவார். மகள் ஊரைப் பார்க்கட்டும் என்று. ஆகவே எங்களுக்குத் தெரிவதெல்லாம் புழுதி படிந்த கண்ணாடி, அதற்கு அப்பால் ஓடும் சாலை, இரண்டு பக்கமும் கிளை வெட்டிய மல்பெரி மரங்கள், மேல் மூலையில் அந்தப் படம். நிகினா தினமும் தன்னையே பார்த்துக்கொண்டுதான் அப்பாவிடம் பேசுவாள். எனக்குக் குரல் மட்டும் பழக்கம். பாதிப் பேச்சும் பாதிச் சிரிப்புமான குரல்.

அன்றைக்கு நடுவில் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. நிகினாவின் முகம் வெளுத்தது. "சரி அக்கா... சரி அக்கா..." என்கிற மாதிரி ஏதோ சொல்லி வைத்துவிட்டாள். என்னடி என்றேன்.

"ஹுரியத் அக்கா. எங்க தெரு. அவங்க பொண்ணு மஃப்துனா ஸ்கூல் முடிச்சிட்டா. அவளும் கொரியா வரணுமாம்."

"வரட்டுமே."

"எந்த யுனிவர்சிட்டின்னு தேடவே இல்லையாம், அக்கா. வண்டியில தினம் என் படத்தைத்தான் பாக்குறாங்களாம். அதே வாசல் போதும்னு அதுக்கே எழுதிப் போட்டுட்டாங்களாம். அந்தச் சட்டை எப்பக் குடுப்பாங்க, வந்த உடனேவான்னு கேக்குறாங்க."

நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். என் அலமாரியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆசைக்கு வாங்கிய ஒரு பழைய துணி, மூவாயிரம் மைலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, "அவ வந்தா நீ சொல்லிக் குடு, மூணாம் நிலையில உன்ன விட அனுபவம் யாருக்கு இருக்கு" என்று வழக்கம்போல வாயை விட்டேன். நிகினா என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு என்கூட பஸ்ல வரியா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கைபேசியில் இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்று பெரிய பல்கலைக்கழகத்தின் பதிவுப் பக்கம், ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. இன்னொன்று அப்பாவின் எண். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "சொல்லப் போறதை முதல்ல என்கிட்ட சொல்லிப் பாரு" என்றேன். கொரிய மொழியில் சொல்லிப் பார்த்தாள். வண்டியை ஓரமா நிறுத்துங்க அப்பா, ஒரு விஷயம். நான் இன்னும் யுனிவர்சிட்டியில சேரவே இல்ல, மொழிதான் படிக்கிறேன், அதுலயும் ரெண்டு தடவை ஃபெயில். அந்தச் சட்டை என்னோடது இல்ல. எனக்குப் பல் கட்டப் படிக்கணும், அது இங்க இருக்கு. ஹுரியத் அக்காகிட்ட நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். ஐந்தே விஷயம். நெடுஞ்சாலை ஓய்விடம் வருவதற்குள் ஒன்பது தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சட்டையிடம் வந்ததும் குரல் உடைந்தது.

அந்தக் கல்லூரிக்கு வாசல் என்று ஒன்று இல்லை. கார்களை நிறுத்தும் மஞ்சள் தடுப்புக் கம்பி, இலை உதிர்ந்த ஒரு சீமைப் பனிச்சை மரம், பெயர்ப் பலகை. அதில் ஓர் எழுத்தின் வண்ணம் போயிருந்தது. எதிரில் வெங்காய வயல். இந்த இடத்துக்கு வரவா இவ்வளவு பாடு என்று தோன்றியதை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டேன்.

நேர்காணல் இருபது நிமிடம். ஆசிரியைக்கு ஐம்பது வயது இருக்கும், காலில் கம்பளிக் காலுறையும் செருப்பும். முதலில் பேசச் சொன்னார். நிகினா பேசினாள், இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. பிறகு எழுதச் சொன்னார், சத்தம் நின்றது. நான் தாழ்வாரத்தில் நடந்தேன். கடைசி அறையின் கண்ணாடி வழியே பல் துறையின் பயிற்சிக்கூடம் தெரிந்தது. நீள மேசைகளில் சுண்ணத்தில் வார்த்த தாடைகள் வரிசையாக வாயைத் திறந்து வைத்திருந்தன. வெளியே வந்த நிகினா அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"மூணாம் நிலை வகுப்புல வெச்சுக்கறோம்" என்றார் குக். ஒல்லியான மனிதர், கழுத்தில் சாவிக்கொத்து. "எழுத்து கொஞ்சம் வீக். இங்க பதினொரு பேருதான், பக்கத்துல உக்காந்து எழுத வெப்போம். சரி, அப்பாகிட்ட இப்பவே பேசிடலாமா? மொழிபெயர்க்கறவங்க லைன்ல இருக்காங்க."

மணி ஒன்று பத்து. மர்கிலானில் காலை ஒன்பது பத்து, நல்ல கூட்ட நேரம். "பத்து நிமிஷம் குடுங்க சார். முதல்ல நான் பேசிட்டு வந்துடறேன்" என்றாள் நிகினா. குக் அவளை ஒரு பார்வை பார்த்தார். இப்படிப் பத்து நிமிடம் கேட்டவர்களை அவர் முன்னமே பார்த்திருக்க வேண்டும். "பொறுமையா வாம்மா" என்றார்.

மஞ்சள் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். வயலிலிருந்து காற்று அறுத்துக்கொண்டு வந்தது. அவள் உள்ளே மேலங்கியை விட்டுவிட்டு மெல்லிய கம்பளிச் சட்டையோடு வந்திருந்தாள். என் பையில் அந்தக் கருநீலச் சட்டை இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. புது இடம், புது வாசல், ஒரு படம் எடுக்கலாம் என்கிற ஏழு வருடப் பழக்கமாக இருக்கலாம். நடுங்குகிறாளே என்று அதை எடுத்து அவள் தோளில் போடப் போனேன். நெருப்புப் பட்டது போல விலகினாள். "வேண்டாம் அக்கா. அதை மட்டும் வேண்டாம்." நான் அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு.

அழைத்தாள். வழக்கம்போலச் சாலை வந்தது, புழுதிக் கண்ணாடி, மல்பெரி மரங்கள், மூலையில் ராணி மாதிரி அவள். சிரித்த குரலில் அவர் ஏதோ சொன்னார், பின்னால் நான்கைந்து பேர் பேசுகிற சத்தம். நிகினா பேசத் தொடங்கினாள். மொழி தெரியாவிட்டால் என்ன, ஒன்பது தடவை கேட்டவள் நான். முதல் வாக்கியம் முடிந்ததும் வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. மரங்கள் நின்றன. இரண்டாவதில் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தது. மூன்றாவதில், நான் எதிர்பார்த்த இடத்தில், குரல் உடையவில்லை. நடுங்கியது, ஆனால் உடையவில்லை. நான்காவதில் ஒற்றை விரலால் தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள். ஐந்தாவதையும் சொல்லி முடித்தாள்.

அவர் முகம் தெரியாதது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் புரிந்தது. நின்றுபோன சாலையைத் தவிரப் பார்ப்பதற்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். "என்ன சொல்றாரு?" என்று கிசுகிசுத்தேன். "ஒண்ணும் சொல்லல" என்றாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பெரிய பல்கலைக்கழகத்தின் பதிவு முடிய இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு அழுத்து அழுத்திவிடலாம் என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. சொன்னதைச் சொல்லாததாக ஆக்க முடியாது என்பதுகூட அப்போது மறந்துவிட்டது.

அப்புறம் அவர் குரல் வந்தது. சிரிப்பு இல்லாத குரல், நான் அதுவரை கேட்டிராதது. மூன்றோ நான்கோ சொல்.

"நான் இப்ப நிக்கிற எடத்தைக் காட்டணுமாம்" என்றாள்.

கேமராவைத் திருப்பினாள். மஞ்சள் கம்பி, மொட்டை மரம், வண்ணம் போன பெயர்ப் பலகை, வெங்காய வயல் எல்லாவற்றையும் மெதுவாக, ஒன்றையும் விடாமல் காட்டினாள். கூட என்னையும் காட்டினாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் தலை குனிந்து வணங்கினேன்.

திரும்பத் திரையைப் பார்த்தபோது ஒரு கை உள்ளே வந்திருந்தது. தடித்த விரல், நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த படத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டியது. ஒட்டுநாடா லேசில் வரவில்லை. கை அவசரப்படவில்லை. ஒரு மூலை, அடுத்த மூலை என்று படம் கிழியாமல் உரித்து எடுத்தது. பிறகு கையும் படமும் திரையை விட்டுப் போய்விட்டன. கீழே வைத்தாரா, மடித்தாரா, யாரிடமாவது கொடுத்தாரா, எதுவும் தெரியவில்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஏன் எடுக்குறீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் நிகினா. அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. நாங்கள் பதிலுக்குக் காத்திருந்தோம். கல்லூரிப் படியில் குக் வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

இஞ்சினைக் கிளப்பும் சத்தம்தான் வந்தது. அழைப்பை அவர் துண்டிக்கவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் புழுதி, படம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு சதுரம் அப்போதுதான் கழுவியது போலத் தெளிவாக இருந்தது. அந்தச் சதுரத்துக்குள் நின்றுகொண்டிருந்த மல்பெரி மரங்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன.